எடை சரி என்று சொல்லும் முன்

சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு லியோனி தராசில் உட்கார்ந்தாள்.

முள் ஆடி நின்றது. எடை பார்க்கும் பெரில் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"சரியா இருக்கு. முறையீடு ஏதாவது உண்டா, கண்ணு?"

எல்லா ஜாக்கியிடமும் கேட்கிற கேள்விதான். கேட்ட வாயோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள். இன்றைக்குக் கூப்பிடவில்லை. காத்திருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர் க்ளெம் தன் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"உண்டுன்னு சொல்லு! ஒரே ஒரு வார்த்தை! நாக்கையும் குதிரைகிட்டயே விட்டுட்டு வந்துட்டியா?"

டாரன்வில் கோப்பை. ஒரு மூக்கு வித்தியாசம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். ஃபாசியோ ஓட்டிய குதிரை முதலாவது. லியோனி ஓட்டிய காப்பர் கெட்டில் இரண்டாவது.

ஆனால் வெற்றிக் கம்பத்தை நெருங்கும்போது ஃபாசியோவின் குதிரை உள்வேலியை விட்டு விலகி வந்து, காப்பர் கெட்டிலின் தோளில் இடித்ததை ஊரே பார்த்தது. பீர் வாங்க வரிசையில் நின்றவர்கள்கூட "ஐயோ" என்றார்கள்.

அவள் முறையிட்டால் கோப்பை கை மாறும். கோப்பையோடு மெல்போர்னும் வரும். "இதை ஜெயி, வசந்தகாலப் பந்தயத்துல இவன் முதுகுல நீதான்" என்று க்ளெம் சொல்லியிருந்தார். தோற்றால் நகரத்து ஜாக்கி யாராவது ஏறிக்கொள்வான். இந்த வயதில் இன்னொரு காப்பர் கெட்டில் அவளைத் தேடி வரப்போவதில்லை.

'எடை சரி' என்று ஒலிபெருக்கி அறிவிக்கும்வரைதான் நேரம். அதற்குப் பிறகு யார் காலில் விழுந்தாலும் முடிவு மாறாது.

அவள் அந்தக் கடைசி நேர்ப்பாதையை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

வலப்பக்கம் சாம்பல் நிறக் குதிரை. அதன் மூச்சு உடைந்துபோயிருந்தது. அதன் ஜாக்கி அதற்குள் சாட்டையை எடுத்துவிட்டான், அவசரக்காரன். அவள் எடுக்கவில்லை. பிடரியோடு பிடரியாகக் குனிந்து, கைகளை மட்டும் குதிரையின் தலையோடு முன்னே விட்டு, முன்னே விட்டு ஓட்டினாள்.

ஓடுகிற குதிரையின் தலை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நீளும், பின்வாங்கும். நீளும்போது கம்பம் வந்தால் ஜெயம். பின்வாங்கும்போது வந்தால் போச்சு. அதைப் பொருத்திக்கொள்ளத்தான் நல்ல ஜாக்கி கடைசிவரை கொஞ்சம் மிச்சம் பிடிப்பது. லியோனி நிறையவே மிச்சம் பிடித்திருந்தாள். சாம்பல் குதிரையை அடக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் செலவழித்தாள்.

அப்புறம் அந்த இடி.

பிடித்து வைத்ததையெல்லாம் அப்போதுதான் கேட்டாள். காப்பர் கெட்டில் மறுக்காமல் கொடுத்தான். கம்பம் வந்தபோது அவன் தலை பின்வாங்கியிருந்தது.

"லியோனி?" என்றாள் பெரில்.

முறையிட்டால் நடுவர்களின் அறைக்குப் போக வேண்டும். படத்தை ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள், கேட்பார்கள். ஃபாசியோவை எங்கே பார்த்தாய்? நெருக்கியபோது ஏன் கத்தவில்லை? பக்கத்துக் குதிரை நெருக்கினால் எல்லா ஜாக்கியும் கத்துவார்கள். லியோனி கத்தினால் ஒலிபெருக்கி வாயை மூடிக்கொள்ளும் என்று உடை மாற்றும் அறையில் கேலியே உண்டு.

இன்று அவள் கத்தவில்லை.

"இல்ல பெரில். முறையீடு இல்ல."

க்ளெம் தொப்பியைத் தரையில் அடித்தார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. எடை சரி.

ஃபாசியோ ஓடி வந்தான். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை.

"லியோ, இடிச்சது நான்தான். நீ வாயைத் திறந்திருந்தா இன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கும்."

"போ, போ. போட்டோவுக்கு நில்லு. பல்லெல்லாம் மண்ணு, துடைச்சுட்டுப் போ."

அவன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

லாயத்து நிழலில் க்ளெம் குழாயைப் பிடித்துக் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். லியோனி வந்து குதிரையின் நெற்றியில் கை வைத்து நின்றாள். அவர் குதிரையின் கால்களுக்குத் தண்ணீரைத் திருப்பினார். பேசியபோது கோபம் வடிந்திருந்தது.

"கையில விழுந்த கோப்பையைத் தட்டிவிட்ட பைத்தியக்காரியை இன்னிக்குத்தான் பார்க்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இந்த மனசுக்காகவே மெல்போர்ன்ல இவனை நீதான் ஓட்டற. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள். மெல்போர்னில் தோளோடு தோள் உரச ஒரு கூட்டமே ஓடும். ஒவ்வொரு குதிரையின் மேலும் ஒரு ஆள் இருப்பான். அவன் வீட்டில் அவனுக்காக யாராவது காத்திருப்பார்கள்.

"வேற ஆளைப் பாருங்க, க்ளெம்."

"என்ன, விளையாடறியா?"

"ஃபாசியோ வந்ததை நான் பார்க்கல."

"அட, பின்னாலேர்ந்து வர்றவனை யாருதான் பார்ப்பா?"

"பின்னால இல்ல. பக்கத்துல. இந்த இடது பக்கம், ரொம்ப நேரமா பக்கத்துலயேதான் இருந்திருக்கான். இடிச்சப்புறம்தான் எனக்குத் தெரியும்."

க்ளெமின் கையிலிருந்த குழாய் தாழ்ந்தது. தண்ணீர் அவருடைய காலணிகளை நனைத்துக்கொண்டு ஓடியது.

அவர் நின்றிருந்தது அவளுடைய இடப்பக்கம். அவர் முகத்தை வலது கண்ணால் பார்க்க லியோனி உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது.