ஆய்வுரையில் ஒரு வரி

பாறசாலையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போன ஊர்வலத்தில் தடியடி பட்ட வலது கை, பச்சிலைக் கட்டோடு ஞானதாஸின் மடியில் கிடக்கிறது. தொடக்ககால அமெரிக்க எழுத்தாளர்கள் சுதந்திரத்தைப் பற்றி எண்ணியதை ஆராயும் தன் ஆய்வுரையை அவன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ஆங்கிலம் அறியாத மனைவி ரெபேக்காள் காதில் விழும் ஒலியைத் தமிழ் எழுத்தில் பிடித்து வைக்கிறாள். கட்டு அவிழ்ந்ததும் அவன் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வான். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயில் அவள் விரலிலிருந்து தாளுக்கு நகர்கிறது. 'லிபர்ட்டி' வரும்போதெல்லாம் அவன் குரல் கரகரக்கிறது. பேனா கொஞ்சம் அழுந்துகிறது. அவன் நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கிறான். "நீ கஞ்சி குடிச்சியா?" அவள் அதையும் எழுதுகிறாள். "அத எதுக்குட்டி எழுதினே?" "இவ்வளவு நேரத்துல எனக்கு வெளங்கினது இது ஒண்ணாக்கும். கெடக்கட்டு."