துண்டு விழுந்த கல்லூரி

டிஷ்யூ பெட்டியை அற்புதமேரியின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பிரின்சிபல் சவரிராஜ் பேச்சை ஆரம்பித்தார். காப்பியும் வரவழைத்திருந்தார். அந்தக் கல்லூரியில் யாருக்காவது காப்பி வாங்கிக் கொடுத்தால், ஆளை அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அந்தக் கலைக் கல்லூரி. போர்டு மட்டும் அடுத்த தெரு வரை தெரியும். வரலாறு, தத்துவம், இலக்கியம் என்று சோறு போடாத பாடங்களாகப் பார்த்து, துறைக்கு ஒருவராக வைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஊரே மந்தமாகிவிட்டது. பெரிய பெரிய கம்பெனிகளே ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தபோது, இந்த மாடி எம்மாத்திரம்?

போன வாரம் நிர்வாகக் கூட்டத்தில், "பட்ஜெட்ல துண்டு விழுது" என்று பிரின்சிபல் சொன்னதுதான் வினை. நிர்வாகத் தலைவர் ஒலி முகம்மது கீழே இருந்த துணிக்கடைக்கு முதலாளி. கல்வி வள்ளல் என்று நாலு பேர் சொல்ல வேண்டுமே என்று மாடியைக் கொடுத்தவர். துண்டு என்ற சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

"துண்டு விழுந்தா மூலையில போட்டு வெச்சிருக்கக் கூடாது, பிரின்சிபல். கட் பீஸ்னு வந்த விலைக்குத் தள்ளிடணும். நம்மகிட்ட யாரு கட் பீஸ்?"

தேடினார்கள். வரலாற்றுத் துறை முதலாளியின் மருமகன். தத்துவத் துறை பிரின்சிபலின் மச்சான். இலக்கியத் துறை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் முதலாளியின் பிறந்த நாளுக்கு வருஷம் தவறாமல் வாழ்த்துப்பா எழுதித் தருகிற துறை அது. அதைத் தொட முடியுமா?

மிஞ்சியது அற்புதமேரி. பங்குச் சாமியார் சிபாரிசில் வந்து சேர்ந்தவர். அந்தச் சாமியாரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

நாற்பது வயதிருக்கும். செம்பவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மழையைச் சாக்கு வைத்து மட்டம் போட்டதில்லை. மாதம் பிறந்தால் ஆபீஸ் ஜன்னலில் முதல் ஆளாக நிற்பார். அவர் காட்டிய அவசரம் அது ஒன்றுதான்.

"மேரிம்மா, உங்க மேல ஒரு குறையும் இல்ல" என்றார் பிரின்சிபல். இந்த வாக்கியத்துக்குப் பிறகு நல்ல சேதி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

அவரால் வருகிற வரும்படியைவிட ஆகிற செலவு கூடுதலாகிவிட்டதை, ஃபேனில் தொடங்கி சாக்பீஸ் வரைக்கும் சுற்றிவளைத்து விளக்கினார். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து, தன் சொந்தக்காரர் செத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அற்புதமேரி டிஷ்யூவைத் தொடவில்லை. "இன்னும் ஒரு வருஷம்தான் சார். அது முடிஞ்சா நானே போயிடுவேன். இத்தனை வருஷம் பாடுபட்டது வீணாயிடும்."

எதிராளி ஒரு விலை சொன்னால் சும்மா இருக்க ஒலி முகம்மதுவுக்கு வராது. "ஆறு மாசம்னு வெச்சுக்குங்க, தங்கச்சி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அற்புதமேரியும் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பழகியவர். பத்து மாதம் என்றார். முதலாளி ஏழுக்கு ஏறினார். வாரம் முழுக்க வராமல் மூன்று நாள் மட்டும் வருவதாகவும், ஃபேனே வேண்டாம், கைவிசிறி கொண்டுவந்துவிடுவதாகவும் அற்புதமேரி இறங்கி வந்தார். முதலாளிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வந்த காரியமே மறந்துபோய், பேரம் எட்டில் படிய இருந்தது.

கதவுக்கு வெளியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்த மூன்று துறைகளும் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தன. இவர் தங்கிவிட்டால் கத்தி தங்கள் பக்கம் திரும்புமே என்ற கவலை.

எத்தனையோ சாம்ராஜ்யங்கள் பாரத்தை இறக்கித்தான் பிழைத்திருக்கின்றன என்றது வரலாறு. போவதும் இருப்பதும் ஒன்றே என்றது தத்துவம், தான் இருந்துகொண்டு. இலக்கியம் பிரிவுரையை எழுதியே கொண்டுவந்திருந்தது. அதில் 'மெழுகுவர்த்தி' இரண்டு இடத்தில் வந்தது.

முதலாளி கண் கலங்கி, பேரத்தை முறித்துக்கொண்டார்.

"சாரி லா, தங்கச்சி. கட் பீஸை வெச்சுக்கிட்டு எவனும் கடை நடத்த முடியாது. நீங்க ஒருத்தர் போனா காலேஜ் பிழைச்சுக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இன்றோடு முடித்துக்கொள்ளலாம் என்றார் பிரின்சிபல். காப்பியைக் கல்லூரிச் செலவிலேயே எழுதிக்கொள்வதாகவும் பெருந்தன்மையோடு சொன்னார்.

அற்புதமேரி அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். மூன்று துறைகளையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலக் கேட்டார்.

"நானும் போயிட்டா, நாளையிலேர்ந்து நீங்கல்லாம் யாருக்குப் பாடம் நடத்துவீங்க, சார்?"