ஆறாவது குழாய்

வேப்பந்தட்டையில் புவனேஸ்வரி வீட்டுச் சோளக் கொட்டகைக்குள், தகரத்தின் ஓட்டை வழியே இறங்கும் காலை வெயில், பதினாறு வருடமாக ஓடாத வெள்ளைக் காரின் திறந்த பானெட்டில் விழுகிறது. இன்றும் ஓடாவிட்டால் ஏற்றிப்போவதாகப் பேச்சு. பழைய இரும்பு வியாபாரி அண்ணாதுரை கயிற்றோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். தூணில் தொங்கும் குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இன்ஜினுக்குள் இறங்குகிறது. “சாவியப் போடுங்க” என்கிறாள் புவனேஸ்வரி. காருக்குள்ளே கணவன் தமிழ்மாறன் சாவியைத் திருகுகிறான். இன்ஜின் இருமுகிறது, பிடித்துக்கொள்கிறது, ஆனால் நொண்டுகிறது. “ஆறு சிலிண்டர்ல ஒன்னு வேல செய்யல. எதுன்னு எப்புடிக் கண்டுபுடிக்கிறது?” என்கிறான். அவள் பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரில் விரல் நனைத்து, தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல், சிலிண்டர்களிலிருந்து புகை போகும் ஆறு குழாய்களிலும் ஒவ்வொன்றாகத் தெளிக்கிறாள். ஐந்து சுர்ரென்கின்றன. ஆறாவதில் துளி அப்படியே உருண்டு நிற்கிறது. “இதுதாங்க, அடுப்பே பத்தல. ஆஃப் பண்ணுங்க.” ஆறாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் கரியை உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, மறுபடி முடுக்குகிறாள். தமிழ்மாறன் மீண்டும் சாவியைத் திருகுகிறான். நொண்டல் இல்லை; சத்தம் ஒரே சீராகக் கொட்டகையை நிறைக்கிறது, தகரம் அதிர்கிறது, சோளத் தூசி வெயிலில் எழுகிறது. அண்ணாதுரை எழுந்து வந்து, செம்பில் தானே விரல் நனைத்து, ஆறாவது குழாயில் ஒரு துளி விடுகிறார். சுர்ர். ஈர விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த கயிற்றை முழங்கையில் சுற்றத் தொடங்குகிறார்.