சோக்குக்குள் இருந்த சீட்டு

கஜா பெராங்கில் ரேடியோ பழுதுபார்க்கும் சிஹாபுதீன், சந்திரமதி கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார்.

“ஒரே இரைச்சல், பாய். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோனவங்க பேரை ரேடியோவுல வாசிச்சா, எங்க வீட்டுக்காரர் பேரு வருதான்னு கேக்கணும்.”

இரைச்சலை வடிக்கும் சோக்குச் சுருளில் உள்சுற்றுகள் ஒட்டிப்போயிருந்தன. புதுக் கம்பி கிடைக்காது. இதையே பிரித்துச் சுற்றவேண்டும். சண்டைக்கு முன் சீமையிலிருந்து வந்த சுருள். அதுவரை யாரும் திறக்காத அதன் மேல்மெழுகை அவர்தான் இப்போது முதன்முதலாக உடைத்தார்.

எத்தனை சுற்று, என்ன தேதி என்று சீட்டெழுதி உள்ளே வைத்துச் சுற்றுவது அவர் வழக்கம். பிரித்து முடித்தபோது இதற்குள்ளும் ஒரு சீட்டு இருந்தது. எழுத்து அவருடையது. 3200 சுற்று. ஜப்பான்காரன் கணக்கில் ஆண்டு 2603, அதாவது 1943; தேதி இன்றையது.

ஆச்சரியப்படவும் தெம்பில்லை.

“ஆயிடுமா, பாய்?”

“உக்காரும்மா.”

காகிதத்துக்கும் பஞ்சம். அந்தச் சீட்டையே உள்ளே வைத்துச் சுற்றத் தொடங்கினார்.