லேப் பொய் சொல்லாது

"இங்க பாருங்கம்மா, நான் போலீஸ் இல்ல. கடைசியா எப்ப சேர்ந்து இருந்தீங்க, யார்கூட இருந்தீங்க, அது மட்டும்தான் எனக்குத் தெரியணும்."

அவசரப் பிரிவின் டியூட்டி டாக்டர் இதைக் காதோரம் குனிந்து கேட்டிருக்கலாம். டாக்டரம்மாவுக்குக் குனிய நேரமில்லை. வரிசையாக இருந்த கட்டில்களிலிருந்து எல்லாத் தலைகளும் திரும்பின.

சுருண்டு கிடந்த அக்கா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே, "அவர் கப்பலுக்குப் போய் ஒரு வருஷம் ஆகப் போவுது டாக்டர். வேற யாரு இருக்கா எனக்கு?" என்றாள்.

"அப்புறம் சிறுநீர் டெஸ்ட்ல கர்ப்பம்னு எப்படி வந்துச்சு? காத்துல வந்துச்சா?"

"டெஸ்ட் தப்பு" என்றான் தம்பி. வேன் ஓட்டுகிறவன். காலையில் வலியில் துடித்த அக்காவைத் தன் வேனிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவன்.

"நீங்க யாரு?"

"கூடப் பொறந்தவன்."

"அக்கா விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அக்காகிட்ட புதுசா வாங்கி இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க."

"லேப்ல ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் குடுத்திருக்காங்க. நீங்க கேக்கறீங்கன்னு திரும்பத் திரும்பப் பண்ணிட்டே இருக்க முடியுமா? லேப் பொய் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லுவாங்க."

"முதல்ல குடல்வால்னுதானே சொன்னீங்க? ஆபரேஷன்னு கூடச் சொன்னீங்களே."

"ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி சொன்னேன். ஸ்கேன்ல கர்ப்பப்பையில ஒண்ணும் காணோம். அப்ப கரு குழாய்ல தங்கியிருக்கலாம். வெடிச்சா உயிருக்கே ஆபத்து. உங்க அக்கா உண்மையைச் சொன்னா அவங்களுக்குத்தான் நல்லது."

ட்ரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ், "இப்படித்தான் டாக்டர், எல்லாரும் முதல்ல இல்லைன்னுதான் சாதிப்பாங்க" என்றாள், அக்கா காதில் விழும்படியாகவே.

அதுவரை வலியில் முனகிக்கொண்டிருந்த அக்கா, அதற்குப் பிறகு முனகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கால்மாட்டில் நின்றிருந்த மாமியார் பையைத் துழாவிப் போனை எடுத்தாள். "என் புள்ள நடுக்கடல்ல கெடந்து காயறான். இவ இங்க வாயும் வயிறுமா நிக்கறா. இப்பவே அவனுக்குச் சொல்லிடறேன். இனிமே அந்த வீட்டுல இவ கால் படக்கூடாது."

"அத்தை, போனை உள்ள வைங்க."

"ஏன்டா வைக்கணும்? டாக்டரே சொல்றாங்க. நீ டாக்டருக்குப் படிச்சியா? ஸ்டியரிங் பிடிக்கறவன்தானே நீ?"

"அத்தை, என் புள்ள மேல சத்தியமா..." என்றாள் அக்கா சுவரைப் பார்த்தபடியே.

"பச்சப் புள்ளைய இதுல இழுக்காத. அவனையும் நானே வெச்சுக்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. தம்பி டாக்டரைப் பார்த்தான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எட்டி, மாமியாரின் கையிலிருந்து போனைப் பிடுங்கி அழைப்பைத் துண்டித்தான்.

"அது அக்காவோடது இல்ல. என்னுது."

"எதுப்பா?" என்றார் டாக்டர்.

"லேபுக்குப் போன டப்பாவுல இருந்தது." அவனுக்கு நெற்றி வியர்த்திருந்தது. "அக்கா குடுத்ததை எடுத்துட்டுப் போனேன். வரிசையில எவனோ இடிச்சான், மொத்தமும் கீழ கொட்டிப் போச்சு. அவளே உசுரு போற வலியில இருக்கா, மறுபடி எந்திரிச்சு வான்னு எப்படிச் சொல்றது? கிருமி இருக்கான்னுதானே பார்க்கப் போறாங்கன்னு நெனச்சு, நானே பாத்ரூம் போய் ரொப்பிக் குடுத்துட்டேன். அத்தை முன்னாடி இதைச் சொல்ல வாய் வரல. அதான் புதுசா வாங்கிப் பண்ணுங்கன்னு கெஞ்சினேன். காதுல வாங்கினீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர்தான் முதலில் சிரித்தார். நர்ஸ் புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அட வெளங்காதவனே, இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?" என்று மாமியார் அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். கையோடு போனைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துவிட்டு, யாரும் சொல்லாமலே மருமகளின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். அக்கா அந்தக் காலை இழுத்துக்கொண்டாள்.

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் இப்போதுதான் பொங்கியது.

"ஊரே பார்க்க ஒரு பொம்பளையைப் படுக்கப் போட்டு மானத்தை வாங்கினீங்களே டாக்டர். ஒரு நிமிஷம் அவ சொல்றதை நம்பியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பீங்க? லேப் பொய் சொல்லாதாம். சரி, சொல்லாது. இப்ப நீங்களே சொல்லுங்க, எனக்கு எத்தனை மாசம்?"

வார்டு முழுக்கச் சிரித்தது. சர்ஜனை வரச் சொல்லி நர்ஸை விரட்டிய டாக்டர், அக்காவிடம் குனிந்து, "என்னை மன்னிச்சிடும்மா. உன் குடல்வாலை இன்னைக்கே எடுத்துடலாம்" என்றார். பிறகு தம்பியின் தோளைப் பிடித்து, யார் காதிலும் விழாத தூரத்துக்கு அழைத்துப் போனார்.

"ஆம்பளை சிறுநீர்ல இப்படிக் காட்டினா, பெரும்பாலும் விரையில கட்டி வளருதுன்னு அர்த்தம். மறைக்காம சொல்லுங்க தம்பி, எத்தனை மாசமா வீங்கியிருக்கு?"