நீச்சல் தெரியும் என்று ஒரு கையெழுத்து

தங்கள் படகு தோற்க வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார் படகுக்கூடத்துக் காப்பாளர்.

ராணுவ அகாடமியின் நூற்றுப் பத்து வயதுப் படகுக்கூடம் அது. வாசலில் நின்ற கூட்டம் ஜெயிக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியது. அவர் ஒருவர்தான் எதிரணிக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

காரணம், படகின் வால்பக்கம் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருந்த, பட்டாசு என்று எல்லோரும் கூப்பிடும் மாணவி.

ஆள் சாண் உயரம். குரல் எட்டு ஊருக்கு. துடுப்புப் போடும் எட்டுத் தடியன்களும் அவள் அதட்டினால்தான் மூச்சே விட்டார்கள்.

ஜெயித்தால் சுக்கான் பிடித்தவரைத் தூக்கித் தண்ணீரில் எறிய வேண்டும். அந்த வழக்கத்தை மாற்ற எந்த ஜெனரலுக்கும் துணிச்சல் வந்ததில்லை.

பட்டாசுக்கு நீச்சல் தெரியாது.

தெரியும் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் காப்பாளர்தான். அது இல்லாமல் படகில் கால்வைக்க விடமாட்டார்கள். "ரெண்டே மாசம் டைம் குடுங்க சித்தப்பா, கத்துக்கிறேன்" என்று அவள் வந்து நின்றபோது அவருக்கு மனசு கேட்கவில்லை.

மாதம் ஏழாகிவிட்டது. கற்றுக்கொண்டாயா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

படகு ஒரு முழ வித்தியாசத்தில் ஜெயித்துத் தொலைத்தது.

தடியன்கள் அவளைக் கரைமேடையில் ஏற்றி, கைக்கு இரண்டு பேர் காலுக்கு இரண்டு பேராகப் பிடித்து ஊஞ்சலாட்டினார்கள். காப்பாளர் போட்ட சத்தம் பேண்டு வாத்தியத்தில் அமுங்கிப்போனது.

மூன்றாவது ஆட்டலில் பட்டாசு பறந்தாள். தொப்பி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

தண்ணீர் மூடிக்கொண்டது.

காப்பாளர் யோசிக்கவில்லை. பூட்ஸ், சாவிக்கொத்து, முப்பது வருட சர்வீஸ் எல்லாவற்றோடும் குதித்தார்.

உள்ளே எல்லாம் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சைக்குள் மீன் மாதிரி ஒருத்தி உடம்பைத் திருப்பி அவரை நோக்கி வந்தாள். வாய் நிறையத் தண்ணீரோடு அவருக்கு அப்போது வந்த நிம்மதி ஜென்மத்துக்கும் போதும்.

அப்படியே நிம்மதியாக அடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சட்டைக் காலரைப் பிடித்து அவரைக் கரையில் இழுத்துப் போட்டவள், யாருக்கும் கேட்காதபடி அவர் காதோரம் குனிந்தாள்.

"என்ன சித்தப்பா, உங்களுக்கு யாரு கையெழுத்துப் போட்டது?"

அவர் கால் குடம் தண்ணீரைத் துப்பி முடித்தார்.

"எனக்கு முன்னால இங்க இருந்தவரு. அவரும் தண்ணியில ரெண்டாவது படியத் தாண்டி இறங்குனதில்லன்னு சொல்லுவாங்க."