தலைக்கவசத்தில் விழாத ஓடு

"குலுக்கல்ல ஒருத்தரோட குறி கீறின ஓட்டைப் போடலன்னா, விதி அவர விட்டுடுமா?" என்று பெரியண்ணன் லைகோனின் மனைவி மிர்த்தோ அண்ணி நேற்று என்னைக் கேட்டாள். இப்போது மாலை வெயில் மதில்மேல் சாய்ந்து கிடக்கிறது. தனிச்சண்டையில் இறந்த என் சின்ன அண்ணன் ஹிலஸுக்காக மதிலடியில் சிதை அடுக்குகிறார்கள். அவனைக் கொன்ற எதிரி கோட்டை வாசலுக்கு வெளியே நின்று கேடயத்தைத் தட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான். "ஓடுங்களப் போட்டுத் தலைக்கவசத்தக் குலுக்கினதும் ஹிலஸ் ஓடுதான் வெளிய குதிச்சுது. தெய்வம் அவனத்தான் சண்டைக்குக் கேட்டுது," என்று பெரியண்ணனிடம் சொல்கிறாள் அண்ணி. கண்ணைத் துடைக்கக் கை தூக்கும்போது அவள் இடுப்புக் கச்சையிலிருந்து மண் ஓடு ஒன்று விழுகிறது. அதில் பெரியண்ணன் லைகோன் கீறிய மீன். "காவல்ல இருந்தேன்னு உங்கிட்டக் குடுத்தனுப்பினேனே. போடலியா?" என்கிறான் அவன். "உங்கள அனுப்ப எனக்கு மனசு வரல." அவன் ஓட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுகிறான். ஈட்டியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கிப் படியிறங்கிப் போகிறான்.